நகத்தைத் தொடுவதற்கு முன்

(அழகுக்கலை பயிலும் மாணவியரும் அவர்களின் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நெயில் டெக்னீஷியன் ஆக எத்தனை நாள் ஆகும்? பயிற்சி நடத்துகிற யாரிடமும் முதலில் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். சில நேரம் ஃபீஸ் எவ்வளவு என்பதற்கும் முன்னால் இதைக் கேட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு மாநிலத்துக்கு ஒரு பதில் உண்டு. மாசசூசெட்ஸில் 100 மணி நேரம். நியூயார்க்கில் 250. கலிபோர்னியாவில் 400. டெக்சஸில் 600. அலபாமாவில் 750. விரல் எல்லா ஊரிலும் பத்துதான், நகமும் ஒரே கெரட்டின்தான். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால் அந்தந்த மாநில அரசியலைத்தான் கேட்க வேண்டும். ஆனால் இந்த ஐந்து மாநிலங்களும் ஒன்றை ஒப்புக்கொள்கின்றன. படிக்காமல், உரிமம் வாங்காமல், காசுக்கு இன்னொருவர் நகத்தைத் தொடக் கூடாது.

நம் ஊர் நிலைமை உங்களுக்கே தெரியும். கடை திறக்க மாநகராட்சியில் உரிமம் வாங்க வேண்டும். கடைக்குள் உட்கார்ந்து வேலை செய்கிற பெண் என்ன படித்தாள் என்று யாரும் கேட்பதில்லை. ஐ.டி.ஐ.யில் ஓராண்டு காஸ்மெட்டாலஜி படிப்பு இருக்கிறது, அதில் மெனிக்யூரும் பெடிக்யூரும் பாடமாக வருகின்றன. திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் நகக்கலைக்கென்றே சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. எதுவும் கட்டாயமில்லை. அதனால்தான் 'மூன்றே நாளில் நெயில் எக்ஸ்டென்ஷன், கிட் இலவசம், சான்றிதழ் கையோடு' என்று விளம்பரம் வருகிறது. மூன்று நாளில் ஒட்டக் கற்றுக்கொள்ளலாம் என்பது பொய்யில்லை. எதில் ஒட்டுகிறோம், எப்போது ஒட்டக் கூடாது, ஒட்டியதை எப்படிக் கழற்றுவது என்பவற்றுக்கு மூன்று நாள் போதாது. இன்று பேச வந்தது இதைப் பற்றித்தான்.

முதலில் இந்தத் தொழில் பெரிதான கதையைச் சொல்லிவிடுகிறேன். 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தது. வியட்நாமிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் சில, கலிபோர்னியாவில் சாக்ரமென்டோ அருகே 'ஹோப் வில்லேஜ்' என்ற முகாமில் தங்க வைக்கப்பட்டன. டிப்பி ஹெட்ரன் என்ற நடிகை அங்கே உதவிக்குப் போனார். ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படத்தின் நாயகி அவர். அந்தப் பெண்களுக்குத் தையல் கற்றுக் கொடுக்கலாம், டைப்ரைட்டிங் கற்றுக் கொடுக்கலாம் என்று ஆட்களை அழைத்து வந்தார். பெண்களின் கண்ணோ ஹெட்ரனின் நகத்தின் மேல் இருந்தது. அதைக் கவனித்தவர், தன்னுடைய மெனிக்யூரிஸ்ட் டஸ்டி கூட்ஸை வரவழைத்துக் கற்றுக் கொடுக்கச் சொன்னார். அதோடு விட்டிருந்தால் அது ஒரு நல்ல பொழுதுபோக்காக முடிந்திருக்கும். பக்கத்தில் இருந்த அழகுக்கலைப் பள்ளியில் முறைப்படி சேர்த்துவிட்டார்கள். பாஷை சரியாகப் பிடிபடாத பெண்கள் விதித்த மணி நேரம் முழுவதும் படித்து, தேர்வு எழுதி, உரிமம் வாங்கினார்கள். அந்த முதல் அணியில் இருந்தவர்கள் 20 பேர். இன்று அமெரிக்காவில் இந்தத் தொழில் செய்கிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வியட்நாமிய வம்சாவளியினர்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் நடிகையின் நல்ல மனதோடு நிறுத்திவிடுவார்கள். அந்த உரிமத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அகதி என்பதற்காக யாரும் அவர்களுக்குப் படிப்பைக் குறைத்துக் கொடுக்கவில்லை. அந்தக் காகிதம் கையில் இருந்ததால்தான் அந்தப் பெண்களால் வேறு ஊருக்குப் போகவும் சொந்தக் கடை வைக்கவும் முடிந்தது.

சரி, கலிபோர்னியாவின் அந்த 400 மணி நேரத்தில் என்னதான் சொல்லிக் கொடுப்பார்கள்? டிசைன் என்று நினைப்பீர்கள். டிசைனுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். கிருமிநீக்கம், நகத்தின் உடற்கூறு, ரசாயனம், சட்டம் என்று மணிக்கணக்கு ஓடும். ஏன் இப்படி என்பதற்கு அதே கலிபோர்னியாவில் ஒரு பதில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வாட்சன்வில் பகுதியில் ஒரே சலூனுக்குப் போய்வந்த பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே கட்டி கட்டியாக எழும்பியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். பல மாதம் ஆறாத புண், ஆறினாலும் தழும்பு. காரணம் மைகோபாக்டீரியம் வகைக் கிருமி ஒன்று. அது இருந்த இடம், பெடிக்யூருக்குக் கால் வைக்கும் சுழல்நீர்த் தொட்டி. தொட்டியின் உட்புறம் பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்திருக்கும். தண்ணீரை உறிஞ்சும் சல்லடையின் பின்னால் முடியும் தோலும் சேர்ந்து அடைந்து கிடந்தன. வருவதற்கு முன் காலில் ரேசர் போட்டவர்களுக்குத்தான் இது அதிகமாக வந்தது, கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகக் கிருமி நுழைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாடிக்கையாளருக்குப் பின்னும் தொட்டியைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும், கழுவியதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதி வந்தது.

நம் பார்லர்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் டப்தான், நீரைச் சுழற்றும் ஜெட் கிடையாது. இந்த விஷயத்தில் அது நல்லதே. மற்றதற்கு வருவோம். ஒரு கையில் பயன்படுத்திய நிப்பரைக் கிருமிநாசினி தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த கைக்கு எடுக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். நிப்பரின் கீலில் காய்ந்து ஒட்டிய ஒரு துளி ரத்தம் போதும். சோப்பில் தேய்த்துக் கழுவி, காயவைத்து, அழுத்த நீராவிக் கருவியான ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம் வைத்தால்தான் உலோகக் கருவி அடுத்தவருக்கு எடுக்கத் தகுதியாகும். நீல விளக்கு எரிகிற பெட்டியைக் காட்டி, 'ஸ்டெரிலைசர் மேடம்' என்பார்கள். அது சுத்தம் செய்த கருவியை எடுத்து வைக்கும் அலமாரி, அவ்வளவுதான். ஃபைலும் பஃபரும் மரக்குச்சியும் ஒருவருக்கு ஒன்று. வேலை முடிந்ததும் அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள், அல்லது குப்பையில் போடுங்கள். நீங்களும் வேலையில் இறங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்று தவணையும் போட்டுக்கொள்ளுங்கள். பெற்றோர்கள் கிட்டுக்குச் செலவழிக்கிற பணத்தில் முதலில் இதைச் செய்ய வேண்டும்.

அடுத்து ரசாயனம். இங்கேதான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்ரிலிக் நகத்தின் பிறப்பு ஒரு பல் மருத்துவரிடம். 1954இல் பிரெட் ஸ்லாக் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், வேலையில் உடைந்த தன் நகத்தைப் பல் கட்டுகிற அக்ரிலிக்கை வைத்தே சரிசெய்தார் என்று சொல்வார்கள். பல் செட்டுக்கும், நகத்துக்கும், இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையில் எலும்போடு ஒட்டுகிற சிமென்டுக்கும் மூலப்பொருள் ஒரே குடும்பம்தான். அதன் பெயர் மெத்தாக்ரிலேட். ஜெல் பாலிஷும் இதே குடும்பம்தான், காற்றில் காய்வதற்குப் பதில் விளக்கில் இறுகுகிறது. இறுகி முடிந்த பிறகு இது கிட்டத்தட்ட சாது. இறுகுவதற்கு முன் தோலில் பட்டால்தான் தொல்லை. இன்று பட்டு, நாளை பட்டு, ஆறு மாதம் ஒன்றும் ஆகாமல் இருந்து, திடீரென்று ஒருநாள் உடம்பு 'போதும்' என்று சொல்லிவிடும். விரல் நுனி அரிக்கும், தோல் வெடிக்கும், நகம் நகப்படுக்கையிலிருந்து தூக்கும். கையால் கண்ணைத் தொடுவதால் இமை வீங்கும். இந்த ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுதும் போகாது. நாளைக்குப் பல் அடைக்கப் போனாலும், வயதான காலத்தில் மூட்டு மாற்றப் போனாலும், டாக்டரிடம் இதைச் சொல்லியாக வேண்டும். பல் மருத்துவர் மேஜையில் தொடங்கிய பொருள் ஒருவரைத் திரும்பப் பல் மருத்துவரிடம் போக முடியாமல் ஆக்கலாம்.

வாடிக்கையாளர் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இதைத் தொடுகிறார். நீங்கள் தினமும் தொடுகிறீர்கள். அதனால் முதல் பலி பெரும்பாலும் டெக்னீஷியன்தான். தொழில் கற்று இரண்டே வருடத்தில் கைவிட வேண்டி வந்தவர்கள் உண்டு. இதைத் தடுப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஜெல் தோலில் படாமல், நகச்சுற்றுத் தோலிலிருந்து மயிரிழை தள்ளிப் பூச வேண்டும். பட்டால் விளக்கில் வைக்கும் முன் துடைத்துவிட வேண்டும். அந்த ஜெல்லைத் தயாரித்த கம்பெனி சொன்ன விளக்கைத்தான் பயன்படுத்த வேண்டும். மலிவு விலையில் வாங்கிய விளக்கில் மேல்பரப்பு பளபளவென்று இறுகிவிடும், உள்ளே பச்சையாகவே இருக்கும். கையுறை போட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். மெல்லிய நைட்ரைல் கையுறையையும் இந்தப் பொருள் சில நிமிடங்களில் ஊடுருவும், பட்டதும் மாற்ற வேண்டும். மயிரிழை தள்ளிப் பூசுவதைச் சொல்ல அரை நிமிடம் போதும். பத்து விரலிலும், நாளைக்கு ஐந்து பேருக்கு, முதுகு வலிக்கிற சாயங்காலத்திலும் அப்படியே பூச எத்தனை மாதப் பழக்கம் வேண்டும் என்று யோசியுங்கள்.

பொருள் வாங்குவதும் படிப்பில் சேர்ந்ததுதான். எம்.எம்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லும் மீத்தைல் மெத்தாக்ரிலேட் திரவத்தால் நகம் கெட்ட புகார்கள் குவிந்ததால் 1970களின் தொடக்கத்திலேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதன் மேல் நடவடிக்கை எடுத்தது. நல்ல கம்பெனிகள் அதற்குப் பதில் எத்தைல் மெத்தாக்ரிலேட்டுக்கு மாறிவிட்டன. விலை மலிவு என்பதால் பழையது இன்னும் சந்தையில் நடமாடுகிறது. நெடி மூக்கைத் துளைத்தாலோ, ஒட்டிய நகம் கல்லாக இறுகி அசிட்டோனில் ஊறவே மறுத்தாலோ சந்தேகப்படுங்கள். 'ஹெமா' என்ற பொருள் கலந்த நகப் பூச்சைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி செய்தது. ஜெல் இறுக உதவும் டி.பி.ஓ. என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் தடையே செய்துவிட்டது. அங்கே விற்க முடியாத சரக்கு எந்தச் சந்தைக்கு வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. புட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கத் தெரியாதவர் இந்தத் தொழிலில் பாதிக் குருடர்.

நகத்தைப் பார்க்கக் கற்பது அடுத்த பாடம். இதில் நம் பெண்கள் நல்ல கண் உள்ளவர்கள். நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். கைவிரல் நகம் முழுதாக மாற ஆறு மாதம், கால் பெருவிரலுக்கு ஒரு வருடத்துக்கும் மேல். ட்ரில் மெஷினை ஒரே இடத்தில் அழுத்தி நகத்தில் சிவப்பு வளையம் விழவைத்தால், அந்தப் பெண் அதைச் சில மாதம் சுமக்க வேண்டும். நகத்தோடு ஒட்டிய செத்த தோல் வேறு, அதை மூடியிருக்கும் உயிருள்ள தோல் வேறு. செத்ததைச் சுத்தம் செய்யலாம். உயிருள்ளதை நிப்பரால் வெட்டினால் நகச்சுற்று வரும். நகத்துக்கு 'மூச்சுவிட' இடைவெளி வேண்டும் என்று வாடிக்கையாளரே உங்களிடம் சொல்வார். நகம் மூச்சு விடுவதில்லை, அது வளரும் இடத்துக்கு எல்லாம் ரத்தத்திலிருந்து வருகிறது. இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். விளக்கு வைத்த பிறகு நகத்தை வெட்டக் கூடாது என்று மாமியார் சொன்னதாகச் சொன்னால் மட்டும் வாதாடாதீர்கள், காலையில் வரச் சொல்லுங்கள்.

சில நகங்களை நாம் தொடவே கூடாது. மஞ்சளாகத் தடித்து உதிர்கிற சொத்தை நகம், ஜெல்லுக்குள் பச்சையாகத் தெரிகிற நகம், சீழ் வைத்த நகம். இவற்றின் மேல் பூச்சுப் பூசி மறைக்கச் சொல்லிக் கேட்பார்கள், கூடுதல் பணமும் தருவார்கள். மாட்டேன் என்று சொல்லப் பழகுங்கள். நகம் கரண்டிபோல் குழிந்திருந்தால் ரத்தசோகை இருக்கலாம். நீங்கள் நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம், 'ஒரு தடவை டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கம்மா' என்றால் போதும். நம் நிறத் தோலில் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடு இருப்பது சாதாரணம், பயமுறுத்தாதீர்கள். ஆனால் ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு வந்து, அகலமாகிக்கொண்டே போய், பக்கத்துத் தோலிலும் கறை தெரிந்தால் அன்றே டாக்டரிடம் அனுப்புங்கள். பாப் மார்லியின் கால்விரல் நகத்தின் கீழ் இருந்த மெலனோமா புற்றுநோய் 1977இல் தெரியவந்தது. 1981இல் 36 வயதில் அவர் இறந்தார்.

பெடிக்யூருக்கு உட்காருகிறவரிடம் தண்ணீர் ஊற்றும் முன் 'சுகர் இருக்கா?' என்று கேட்டுவிடுங்கள். இருந்தால் கால் மரத்திருக்கலாம், சூடு தெரியாது, வெட்டும் தெரியாது. சிறு கீறல் புண்ணாகி விரலையே எடுக்கும் நிலை வந்த குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. நர்ஸ் வேலை பார்க்கும் பெண் எக்ஸ்டென்ஷன் கேட்டால், நோயாளியைத் தொடுகிற கையில் செயற்கை நகம் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்லியிருப்பதை எடுத்துச் சொல்லுங்கள். ஒரு வாடிக்கை போகும், போகட்டும்.

இனி கைப்பழக்கம். ஜப்பானில் இந்தத் தொழிலுக்கு அரசு உரிமம் கிடையாது. ஆனால் 1997 முதல் நடக்கும் நகக்கலைஞர் தேர்வுக்கு அங்கே நல்ல மதிப்பு. அதன் அடிநிலைத் தேர்வில் பெரிதாகப் பார்ப்பது நகச் சுத்தமும் சிவப்பு பாலிஷும்தான். சாதாரணச் சிவப்பு! சிவப்பில்தான் ஓரம் கோணினாலும் திட்டுத் திட்டாக இருந்தாலும் மறைக்க முடியாது. மினுமினுப்புத் தூவி எல்லாத் தப்பையும் மூடிவிடலாம் என்பது தெரிந்தவர்கள் வகுத்த தேர்வு அது. நம் வகுப்புகளில் முதல் நாளே மார்பிள் டிசைனும் கல் பதிப்பதும் தொடங்கிவிடுகிறது. ஒரு மாதம் சிவப்பு மட்டும் பூசச் சொன்னால் மாணவி வேறு வகுப்புக்குப் போய்விடுவாள் என்று பயிற்சியாளர்கள் பயப்படுகிறார்கள்.

அக்ரிலிக் உருண்டை எடுப்பதும் அப்படித்தான். திரவம் கூடினால் வடை மாவில் தண்ணீர் கூடியதுபோல் ஓடிவிடும், குறைந்தால் உதிரும். பதம் கைக்குத்தான் தெரியும். பிரஷைத் திரவத்தில் தோய்த்து, ஓரத்தில் வழித்து, பொடியைத் தொட்டு எடுக்கும் அந்த மூன்று அசைவையும் நகமே இல்லாமல் கண்ணாடித் தட்டில் பழகுங்கள். முதலில் பயிற்சிக் கையில், பிறகு அக்காள் தங்கையின் கையில். தொடக்கத்தில் ஒரு செட்டுக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும், பரவாயில்லை. நன்கு பழகியவருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். போட்டதன் படத்தை எல்லோரும் எடுக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து அதே கையைப் படம் எடுத்துப் பாருங்கள், எங்கே தூக்கியிருக்கிறது, எங்கே உடைந்திருக்கிறது என்று அது சொல்லும். கழற்றக் கற்றுக்கொள்ளுங்கள். அசிட்டோனில் ஊறவைத்துப் பொறுமையாக எடுக்க வேண்டியதை நெம்பிப் பிய்த்தால் நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து வரும். என் அனுபவத்தில் ஒரு டெக்னீஷியனின் தரம் கழற்றிய பிறகு தெரிகிற நகத்தில்தான் இருக்கிறது. தினமும் உட்கார்ந்து பழகினால் ஆறு மாதத்தில் முழுக் கட்டணம் கேட்கும் தகுதி வரும், அதற்கு முன் கேட்பது துணிச்சல்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. 'போயும் போயும் அடுத்தவர் காலைத் தொடுகிற வேலையா?' என்று வீட்டில் ஒரு குரல் எழும். எழாத வீடு குறைவு. நகம் வெட்டுவதையும் முடி எடுப்பதையும் ஒரு சாதியின் தலையில் கட்டி, பிறகு அந்தச் சாதியையே இழிவாகப் பேசிய சமூகம் நம்முடையது. அந்த எண்ணத்தோடு உங்கள் பெண்ணை இங்கே அனுப்பாதீர்கள். வாடிக்கையாளரின் பாதத்தைக் கூச்சத்தோடு பிடிக்கிற கை நேராக வேலை செய்யாது.

உழைப்புச் சுரண்டலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2015இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அந்த ஊர் நகச் சலூன்களைப் பற்றி விரிவாக எழுதியது. வேலைக்குச் சேரும் பெண் முதலாளிக்கே 100 டாலர் கட்டணம் கொடுத்து, சம்பளமில்லாமல், டிப்ஸை நம்பி வேலை பார்த்த கதைகள் அதில் வெளிவந்தன. உடனே மாநில அரசு சோதனைகளில் இறங்கியது, பயிற்சி நிலைப் பணியாளர்களுக்கெனத் தனிப் பதிவு முறையும் வந்தது. இங்கே 'ட்ரெய்னி' என்ற பெயரில் கூட்டிப் பெருக்க வைத்து, ஒரு வருடம் சம்பளமில்லாமல் வைத்திருக்கும் கடைகளை நீங்களும் அறிவீர்கள். எத்தனை மாதப் பயிற்சி, என்ன கற்றுத் தருவார்கள், எந்த மாதத்திலிருந்து எவ்வளவு சம்பளம் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு சேருங்கள். ஜன்னலே இல்லாத ஏ.சி. அறையில் அக்ரிலிக் தூசியையும் நெடியையும் சுவாசித்துக்கொண்டு பத்து மணி நேரம் உட்கார வைக்கும் கடை, சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எந்த வகுப்பில் சேர்வதாக இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் நேரில் போய் மூன்று கேள்வி கேளுங்கள். ஆட்டோகிளேவ் எங்கே இருக்கிறது? பயன்படுத்துகிற ஜெல்லின் புட்டியை நான் படித்துப் பார்க்கலாமா? கழற்றுவதற்கு எத்தனை வகுப்பு ஒதுக்கியிருக்கிறீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் திணறினால், சுவரில் எத்தனை சான்றிதழ் மாட்டியிருந்தாலும் அங்கே பணம் கட்டாதீர்கள்.